தூணோடு பேசிய அபயாம்பாள்

எங்கள் வீட்டு முற்றத்தில் நான்கு தேக்குத் தூண்கள் உண்டு. மூன்றில் அடித்த பச்சை வர்ணம் அடித்தபடி நின்றது. சமையலறை வாசலை ஒட்டிய நாலாவது தூணில் மட்டும், தோள் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு மரம் தெரியும். பொங்கலுக்கு வர்ணம் அடிக்க வரும் அன்வர் பாஷா ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்துக்கு முன்னால் நின்று தலையைச் சொறிவார்.

“இன்னா அம்மா இது? போன வருசம்தான் ரெண்டு கோட்டு அடிச்சேன். எலி சொரண்டினா கீய சொரண்டும். இது தோள் ஒசரத்துல கீது. நின்னுக்கினு சொரண்டுற எலி எங்கனா கீதா?”

உள்ளே நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அந்த எலி என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பாள். அவள் பெயர் அபயாம்பாள். எனக்கு ஓர்ப்படி, அதாவது என் கணவரின் அண்ணா மனைவி. நான் மன்னி என்று கூப்பிடுவேன். தூணில் சாய்ந்து நகத்தால் வர்ணத்தைச் சுரண்டியபடி பேசுவது அவள் வழக்கம். யாரோடு பேசுவாள் என்று கேட்டால், தூணோடு என்றுதான் சொல்ல வேண்டும்.

அவளுக்குச் சித்தப்பிரமை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நாளில் மயிலாப்பூரில் மருமகள் மாமனாரோடு முகத்துக்கு முகம் பேசமாட்டாள். நடுவில் மாமியார் இருப்பாள், சொன்னதை வாங்கி அந்தப் பக்கம் சேர்ப்பாள். எங்கள் மாமியார் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆகவே மன்னி தூணைப் பார்த்து, “நல்லெண்ணெய் தீர்ந்துடுத்து” என்பாள். கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருக்கும் மாமனார் விட்டத்தைப் பார்த்து, “சாயந்திரம் வாங்கிண்டு வரேன்” என்பார். தூணும் விட்டமுமாக இரண்டு பேரும் ஒரு பெரிய குடித்தனத்தையே நடத்தினார்கள். எனக்கு அந்தத் தூண்கூடக் கிடையாது. நான் மன்னியிடம் சொல்வேன், மன்னி தூணிடம் சொல்வாள்.

கொஞ்சம் நீளமான சேதியானால் மன்னியின் பெண் தர்மு தூது போவாள். தர்மாம்பாள் என்று பெயர், ஆனால் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. “தர்மு, தாத்தாட்ட சொல்லு, அரிசிக்காரன் வந்துட்டுப் போனான்னு.” தாத்தா பத்தடி தூரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். ஆனாலும் குழந்தை ஓடிப்போய் ஒருமுறை சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்ததாகக் கணக்கு. எனக்குப் புக்ககம் வந்த புதிதில் இதைப் பார்த்துச் சிரிப்பு வரும். பிறகு எரிச்சல் வந்தது. பிறகு பழகிவிட்டது, அதுதான் இருப்பதிலேயே மோசம்.

மன்னிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரிதான். காபியை அடுப்புக்கும் கொல்லைக் கதவுக்கும் நடந்துகொண்டே குடிப்பாள். நின்றுகொண்டே சாப்பிடுவாள். அரிவாள்மணை முன்னால்கூட எழுந்திருக்கத் தயாராக ஒரு காலை ஊன்றித்தான் உட்காருவாள். “ஒரு நிமிஷம் உக்காரேன் மன்னி” என்றால், “உக்காந்தா என்னென்னமோ ஞாபகம் வரதுடி” என்பாள். அந்த ஞாபகம் என்ன என்று நான் வெகுநாள் கேட்கவில்லை.

மாமனார் சந்திரமௌலி பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்குள் அவரை அப்பா என்போம். நாடகப் பைத்தியம். எங்கள் தெரு ஆபீஸ்காரர்கள் சேர்ந்து வைத்திருந்த நாடக சபைக்கு அவர்தான் எல்லாம். சாயங்காலமானால் நடிகர்கள் எங்கள் கூடத்துக்கு வந்துவிடுவார்கள். ஒத்திகை பாதி, பாடம் பாதி. கதைக்கோப்பு என்றால் என்ன, பாத்திரம் எப்படி வளர வேண்டும், உச்சம் எங்கே வர வேண்டும், முடிச்சு எப்போது அவிழ வேண்டும் என்று விளக்குவார். இங்கிலீஷில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தமிழ்ப் பெயர் தேடிப் பிடித்து வைத்திருந்தார். ‘சஸ்பென்ஸ்’ மட்டும் பிடிபடவில்லை. ‘பதைப்பு’ என்று வைத்துப் பார்த்தார், திருப்தியில்லை.

கதவுக்குப் பின்னால் காய் நறுக்கிக்கொண்டு நாங்களும் அந்தப் பாடத்தையெல்லாம் கேட்டோம். கேட்டதை வீணாக்கவில்லை. என் கணவரை மன்னி ‘ஹாஸ்யப் பாத்திரம்’ என்பாள், நானும் மறுத்ததில்லை. எதிர் வீட்டுக் கிழவர் வில்லன். மன்னியின் கணவர் சுந்தரராமன், துறைமுக ஆபீஸில் குமாஸ்தா, நல்ல மனுஷர், அப்பாவுக்கு எதிரே வாயைத் திறக்கமாட்டார். அவரைப் பற்றி ஒருநாள் மன்னி சொன்னாள். “இவர் மேடையிலே ஈட்டியைப் பிடிச்சிண்டு நிப்பானே காவலாளி, அதுடி. கடைசி வரைக்கும் நிப்பார். ஒரு வரி கிடையாது.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்கும் கொல்லைக்குமாக நடக்க ஆரம்பித்தாள்.

ஒருநாள் ஒத்திகையில் பெரிய ரகளை. கோபால் என்று பாங்கியில் வேலை பார்க்கும் பிள்ளை, கதாநாயகன் வேஷம். மனைவி வேஷக்காரர் முகத்தை ஜனம் உட்காரும் பக்கம் திருப்பி ஒரு வரி சொன்னார். கோபால் சட்டென்று அவர் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டான்.

“நிறுத்து!” என்று மாமனார் கத்தினார். “ஏன் தலையைத் திருப்பினே?”

“காதுல விழுந்துடுத்து சார்.”

“விழுந்தா விழட்டும்! விழாத மாதிரி நில்லு! இதுக்குப் பேர் என்ன? அசைட். நான் ஒதுங்குமொழின்னு பேர் வச்சிருக்கேன். தனிமொழின்னா மேடையிலே அவன் தனியா நிக்கறான், மனசோட பேசறான். இது அப்படி இல்லே. பக்கத்துலேயே இன்னொருத்தன் நிக்கறபோது சொல்றது. கொட்டகையிலே கடைசி வரிசைக்காரனுக்குக் கேக்கணும், பக்கத்துல நிக்கறவனுக்குக் கேக்கப்படாது. நீ திரும்பிட்டா அது ஒதுங்குமொழி இல்லே, உரையாடல். உரையாடல்னா நீ பதில் சொல்லியாகணும். பதில் வச்சிண்டிருக்கியா?”

“இல்லே சார்.”

“அப்போ திரும்பாதே. இன்னொண்ணு ஞாபகம் வச்சுக்கோங்கோ எல்லாரும். நேரே பேசறபோது எந்தப் பாத்திரமும் பொய் சொல்லலாம். ஒதுங்கிச் சொல்றபோது சொல்லாது. அது நாடகத்தோட இலக்கணம்.”

மன்னி பாதி நறுக்கிய கத்தரிக்காயைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தாள்.

“ஏண்டி, நான் பண்றதுக்கு இதானா பேரு?”

“அதுதான் போலிருக்கு.”

“ஆனா அப்பா சொல்ற மாதிரி இல்லையேடி. அங்கே கேக்கறதுக்குக் கொட்டகை பூரா ஜனம் இருக்கு. இங்கே கேக்க வேண்டியவர் ஒருத்தர்தான். அவருக்குத்தான் கேக்கப்படாது.”

அன்று அவள் அரிந்த கத்தரிக்காய் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தது.

சாரதா சட்டம் வந்தது அதற்குப் பிந்திய புரட்டாசியில், இருபத்தொன்பதாம் வருஷம். பதினாலு வயசு ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்தால் தண்டனை, ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமல் என்று பேப்பரில் போட்டார்கள். பார்க்க வேண்டுமே மயிலாப்பூரை! கதவைச் சாத்துவதற்குள் உள்ளே புகுந்துவிட வேண்டும் என்று ஊரே முண்டியடித்தது. தை பிறந்ததும் எந்தப் பக்கம் திரும்பினாலும் மேளச்சத்தம். குளத்தைச் சுற்றி நாலு வீதியிலும் பந்தல். கல்யாணம் செய்துவைக்கும் வாத்தியார்கள் மாம்பலத்தில் ஒரு மாங்கல்யதாரணம், உடனே வண்டி பிடித்து ஆழ்வார்பேட்டையில் ஒன்று என்று மூச்சு வாங்க ஓடினார்கள். நாகஸ்வரக்காரர் கிடைக்காமல் ஒரு வீட்டில் கிராமபோனை வைத்துத் தாலி கட்டினார்கள். மணையில் தூங்கி விழுந்த கல்யாணப் பெண்ணை அதன் மாமா தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

தர்முவுக்கு அப்போது பத்து வயசு. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. தாத்தாவுக்கு அவள் உயிர். இங்கிலீஷ் பாட்டெல்லாம் சொல்லிக்கொடுத்து, சபைக்காரர்கள் முன்னால் ஒப்பிக்கச் சொல்லி, பெருமையில் அவர் முகம் சிவந்து போகும். அவர் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் பயம் பிடித்துவிட்டது. “பெரியவா காலத்துலேர்ந்து வந்த ஆசாரத்தை என் தலைமுறையோடயா நிறுத்தறது? நாளைக்கு வயசுக்கு வந்த பெண்ணை ஆத்துல வச்சிண்டிருக்கேன்னு ஊர் பேசினா யார் பதில் சொல்றது?” என்று மகன்களிடம் கத்தினார். ஆழ்வார்பேட்டையில் ஒரு வரன் வந்தது. பையனுக்கு இருபது வயசு, காலேஜில் படிக்கிறான், நல்ல குடும்பம். மாசி மாதத்தில் நிச்சயதார்த்தம், பங்குனி பிறந்ததும் கல்யாணம் என்று முடிவாயிற்று. மன்னியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்தச் சேதிக்குத் தர்முவைத் தூது அனுப்ப முடியாது. சேதியே தர்முதான். ஆகவே தூண் ஒன்றுதான் மிச்சம்.

மன்னி சும்மா இருக்கவில்லை. “குழந்தைக்கு இன்னும் தலை பின்னிக்கத் தெரியாது” என்பாள் தூணிடம். “அது பள்ளிக்கூடத்துல முதலா வரது.” “நாலு வருஷம் பொறுத்தா ஊர் ஒண்ணும் முழுகிப் போயிடாது.” மாமனார் பேப்பர் படிப்பார். அவளும் விடமாட்டாள். கையில் கரண்டியோ துடைப்பமோ இருக்கும், கால் நிற்காது, கொல்லைக்குப் போவாள், திரும்பி வருவாள், போகிற வழியில் தூணிடம் ஒரு வார்த்தை, வருகிற வழியில் ஒரு வார்த்தை. வீட்டில் யாருக்கும் அமைதியில்லை. வெளியே மேளம், உள்ளே இவள் காலடிச் சத்தம்.

புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். “அப்பா பாத்துப்பார்” என்றார் சுந்தரராமன்.

ஒரு மத்தியான வேளை. மாமனார் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். மன்னி தூணில் தலையை முட்டுக்கொடுத்து நின்றாள். குரல் அவள் குரல் மாதிரியே இல்லை.

“பதினாலு வயசுல எனக்கு முதல் பிரசவம். தொட்டில் கட்டறதுக்குள்ளே குழந்தையைத் தூக்கிண்டு போயிட்டா. பதினாறுல இன்னொண்ணு. அதுவும் தங்கலே. வலி வந்தபோது நான் என் அம்மாவைக் கூப்பிடலே, என்னோட பொம்மையைக் கேட்டேனாம். மருத்துவச்சி சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. தர்மு எனக்கு மூணாவது. அதுக்கும் அப்படி ஆகறதைப் பாக்க என்னாலே முடியாது.”

நான் அடுப்படியில் அழுதுகொண்டிருந்தேன். உட்கார்ந்தால் அவளுக்கு வரும் ஞாபகம் எது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கூடத்தில் பேப்பர் திரும்பும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மாமனார் விட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

“இன்னிக்கு மோர் புளிக்கறது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மோர் புளிப்பது நாக்கில் தெரிகிறது, இது காதில் விழவில்லையா? அவருடைய இலக்கணப்படியே பார்த்தாலும் அவள் சொன்னதில் பொய் கிடையாதே! இதை நான் மன்னியிடம் சொன்னேன். மன்னி புளிக்காத மோரை எடுத்துத் தர்முவிடம் கொடுத்தனுப்பினாள்.

அதற்குப் பிறகு அவள் வேறு ஒன்றை நம்ப ஆரம்பித்தாள். நாள் தள்ளிப் போக வேண்டும், அவ்வளவுதான். வாத்தியார் கிடைக்கவில்லை என்று நிச்சயதார்த்தம் ஒருமுறை தள்ளிப் போயிற்று. மன்னி கபாலி கோவிலுக்கு ஓடிப்போய் விளக்கு ஏற்றிவிட்டு வந்தாள். “இப்படியே இன்னும் ரெண்டு தரம் தள்ளிப் போனாப் போறும்டி. ஏப்ரல் வந்துடும். அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது, சர்க்கார் பாத்துக்கும்.” காலண்டர் முன்னால் போய் நிற்பாள், வந்துவிடுவாள், மறுபடி போவாள்.

அந்த வாரம் சபைக்காரர்களுக்கு மாமனார் முடிவைப் பற்றிப் பாடம் எடுத்தார். யாரோ எழுதிக்கொண்டு வந்த நாடகத்தில் கடைசிக் காட்சியில் திடீரென்று ஒரு மகாராஜா வந்து எல்லார் கஷ்டத்தையும் தீர்த்துவிடுகிறார். மாமனாருக்குக் கோபம்.

“பழைய கிரேக்க தேசத்துல கூட இப்படி ஒரு வழக்கம் உண்டு. கதை சிக்கிண்டுடுத்துன்னா மேலேர்ந்து கயத்துல ஒரு தேவதையை இறக்கிடுவான். தேவதை வந்து முடிச்சை அவிழ்த்துட்டுப் போயிடும். இது சோம்பேறி பண்ற வேலை! முடிச்சு பாத்திரங்களாலே விழறது. பாத்திரங்களாலேதான் அவிழணும். மேடையிலே நிக்கறவா யாராவது ஒருத்தர் ஒரு அடி முன்னாடி வரணும். வரலேன்னா அது நாடகமே இல்லே.”

மன்னி அப்போது கொல்லையிலிருந்து ஒரு குடம் தண்ணீரோடு வந்துகொண்டிருந்தாள். நடு வழியில் நின்றுவிட்டாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததேயில்லை. இடுப்பில் குடம் தளும்பிப் புடவை நனைந்தது. அதையும் கவனிக்கவில்லை.

“என்ன மன்னி?” என்றேன்.

“ஒண்ணுமில்லே. தேவதை வராதாம்” என்றாள்.

நிச்சயதார்த்தத்துக்கு வாத்தியார் அகப்பட்டுவிட்டார், இரண்டு கல்யாணங்களுக்கு நடுவில். காலை வேளை. கூடத்தில் ஜமுக்காளம் விரித்துச் சம்பந்தி வீட்டார் ஒரு பக்கம், எங்கள் வீட்டு ஆண்கள் ஒரு பக்கம். சபையிலிருந்து கோபாலும் இன்னும் சிலரும் வந்திருந்தார்கள். நடுவில் தேங்காய், பழம், வெற்றிலைபாக்குத் தட்டுகள். பட்டுப் பாவாடை கட்டிய தர்மு தாத்தாவை ஒட்டி உட்கார்ந்து, தட்டிலிருந்த கல்கண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்களெல்லாம் சமையலறை வாசலில். மன்னி தூணுக்குப் பக்கத்தில்.

“சீக்கிரம், சீக்கிரம், மாம்பலத்துலே எனக்காக மணையிலே உக்காந்திருக்கா” என்று வாத்தியார் பறந்தார்.

ஆழ்வார்பேட்டைக்காரர், பையனின் தகப்பனார், பொறுமைசாலி. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு முறைப்படி கேட்டார். “ஆத்துல எல்லாருக்கும் சம்மதம்தானே?”

“எல்லாருக்கும் பரம சம்மதம்” என்றார் மாமனார்.

“எனக்குச் சம்மதமில்லே.”

மன்னி அதைத் தூணிடம்தான் சொன்னாள். ஆனால் கடைசி வரிசை வரை கேட்கிற குரலில் சொன்னாள். கூடத்திலிருந்த அத்தனை தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. வாத்தியார் திரும்பினார், கோபால் திரும்பினான், ஈட்டி பிடித்த காவலாளியாக உட்கார்ந்திருந்த சுந்தரராமன்கூடத் திரும்பினார். திரும்பாத தலை ஒன்றுதான். மாமனார் நேரே பார்த்தபடி, “பாக்கு எங்கே?” என்றார். என்ன பயிற்சி!

ஆழ்வார்பேட்டைக்காரர் தட்டை நீட்டவுமில்லை, இறக்கவுமில்லை.

மன்னி தூணை விட்டாள். பெண்கள் தாண்டாத அந்த வாசற்படியைத் தாண்டி, ஜமுக்காளத்தின் ஓரம் வரை வந்து, மாமனாருக்கு எதிரே நின்றாள். தலைப்பை இழுத்துப் போர்த்தியிருந்தாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த முகத்தை அவள் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று பின்னால் என்னிடம் சொன்னாள். அவருக்குக் கண் இவ்வளவு சின்னது என்று அன்றுவரை அவளுக்குத் தெரியாதாம்.

“அப்பா, இப்போ நான் தூணோட பேசலே. உங்களோட பேசறேன். எல்லாருக்கும் சம்மதம்னு சொன்னேள். எனக்கு இல்லே. தர்முவை இப்போ குடுக்க மாட்டேன்.”

தெருவில் யார் வீட்டு மேளமோ போய்க்கொண்டிருந்தது. மாமனார் மன்னியைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த குழந்தையின் பக்கம் குனிந்தார்.

“தர்மு, உங்கம்மாட்ட சொல்லு. உள்ளே போகச் சொல்லு.”

தர்மு தாத்தாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, அதனால்தான் உண்மையைச் சொன்னாள்.

“அம்மா எதிர்லயே நிக்கறாளே தாத்தா. நீங்களே சொல்லுங்கோளேன்.”

மாமனார் வாயைத் திறந்தார். சபை முழுவதற்கும் வசனம் சொல்லிக்கொடுத்த வாய். ஒன்றும் வரவில்லை. மூடிக்கொண்டார்.

ஆழ்வார்பேட்டைக்காரர்தான் முதலில் எழுந்தார். “பெத்தவ வேண்டாம்னு சொல்றபோது நான் தட்டை மாத்திக்கப்படாது” என்று சொல்லித் தட்டைக் கீழே வைத்தார். அவர் கூட வந்தவர்களுக்கு அத்தனை பெருந்தன்மை கிடையாது, வாசல்வரை வைதுகொண்டே போனார்கள். வாத்தியார் தட்சிணையைக்கூட எதிர்பார்க்காமல் மாம்பலத்துக்கு ஓடினார். சபைக்காரர்கள் செருப்பைத் தேடுகிற சாக்கில் நழுவினார்கள். கூடத்தில் மாமனார் உட்கார்ந்தபடியே இருந்தார், மன்னி நின்றபடியே இருந்தாள்.

“என்னைத் தலைகுனிய வச்சுட்டே” என்றார் மாமனார், தரையைப் பார்த்துக்கொண்டு.

“ஆமாம்ப்பா” என்றாள் மன்னி. பிறகு, “மோர் கொண்டு வரட்டுமா?” என்றாள்.

“வேண்டாம்.”

நான் கேட்ட வரையில் அவர்கள் இருவருக்குள்ளும் நடந்த முதல் உரையாடல் அதுதான்.

அந்தப் பிள்ளைக்கு அதே வாரத்தில் திருவல்லிக்கேணியில் வேறு பெண் கிடைத்துவிட்டது. ஏப்ரல் முதல் தேதியும் வந்தது. எந்தத் தேவதையும் இறங்கவில்லை. எங்கள் வீட்டில் வழக்கம்போல் வற்றல் குழம்பு. ஆனால் ஊர் மன்னியைச் சும்மா விடவில்லை. கோவிலில் பெண்கள் இவளைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். சுந்தரராமன் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மாமனார் சபைக்குப் போவதை நிறுத்தினார், பிறகு போக ஆரம்பித்தார். மன்னி பரிமாறினால் சாப்பிடுவார், இலையைப் பார்த்தே சாப்பிடுவார். அவள் நடை மட்டும் குறையவில்லை. ஜயித்தவள் மாதிரியே இல்லை. “தப்புப் பண்ணிட்டேனோன்னு தோணறதுடி” என்பாள். அடுத்த நிமிஷமே, “இல்லே, பண்ணலே” என்பாள். கொல்லைக் கதவு வரை போய் வந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. மாமனாருக்குச் சாப்பாட்டில் ஏதாவது வேண்டியிருந்தால் விட்டத்தைப் பார்த்துச் சொல்வாரல்லவா? மன்னிக்கு இப்போது அது காதில் விழுவதில்லை.

“ரசம் கொஞ்சம் வேணும்” என்பார் விட்டத்திடம்.

மன்னி கையில் ரசப் பாத்திரத்தோடு எதிரிலேயே நிற்பாள். “யாரோட பேசறேள் அப்பா?”

முதல் நாள் அவர் ரசம் இல்லாமலே எழுந்துவிட்டார். அடுத்த நாளும். எனக்குப் பாவமாக இருந்தது. “போறும் மன்னி, வயசானவர்” என்றேன். “ரசத்துக்காக இல்லேடி” என்றாள். கடைசியில் ஒருநாள் அவர் இலையைப் பார்த்தபடி, “ரசம் போடு” என்றார். ‘போடு’ என்றால் எதிரில் ஒருத்தி நிற்கிறாள் என்றுதானே அர்த்தம்! மன்னி கரண்டி கரண்டியாக ஊற்றி இலையை ரொப்பிவிட்டாள்.

அடுத்த பொங்கலுக்கு வர்ணம் அடிக்க வந்த அன்வர் பாஷா தூணைத் தடவிப் பார்த்தார். “அட, இந்த வருசம் பெயிண்டு அப்படியே கீது! எலியைப் புடிச்சிட்டீங்களா அம்மா?”

“எலி கூடத்துக்குக் குடி போயிடுத்து” என்றாள் மன்னி. அவளே சொன்னாள், நேராக.

தர்மு படித்தாள். வயசுக்கு வந்தும் கல்யாணமாகாமல் பள்ளிக்கூடம் போனாள். ஊர் பேசியது, பேசிக் களைத்தது. தெருவில் அவளுக்குப் பின்னாலேயே இன்னும் சில பெண்கள் அப்படிப் போகத் தொடங்கிய பிறகு பேச்சும் நின்றது. முப்பத்தாறாம் வருஷம் பள்ளி இறுதிப் பரீட்சையில் நல்ல மார்க்கில் தேறினாள். சுந்தரராமன் இரண்டு வரனைப் பற்றிப் பேச்செடுத்தார். மாமனார் அப்போது தளர்ந்துவிட்டார், கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. அந்தத் தடியை ஊன்றிக்கொண்டு ஒருநாள் கூடத்திலிருந்து எழுந்து நடந்து வந்தார். அவர் கால் வைத்தறியாத இடத்துக்கு, சமையலறை வாசலுக்கு வந்து நின்றார்.

நான் பதறிப்போய்ப் பின்னால் ஒதுங்கினேன். மன்னி அடுப்பிலிருந்து திரும்பினாள்.

“அபயம்” என்றார்.

பிறந்த வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். எங்கள் வீட்டில் ஒருவரும் கூப்பிட்டதில்லை. அவர் எங்கே கேட்டு எத்தனை வருஷமாக மனசில் வைத்திருந்தாரோ தெரியாது.

“தர்மு காலேஜுல இங்கிலீஷ் படிக்கணும்கறா. நன்னா வருவா, எனக்குத் தெரியும். சுந்தரம் கல்யாணம்கறான். நான் ஒண்ணும் சொல்லலே. பெத்தவ நீ. உனக்குச் சம்மதமா?”

மன்னி அடுப்பிலிருந்து கொல்லைக் கதவு வரை நடந்தாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். அவர் தடியை ஊன்றிக்கொண்டு காத்துக்கொண்டு நின்றார். அவள் வாசற்படிக்கு வெளியே வந்தாள், அவரைத் தாண்டி அந்த நாலாவது தூணிடம் போனாள். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பழைய இடத்தில் நகத்தை வைத்தாள்.

“கேட்டியா?” என்றாள் தூணிடம். “என்னோட பேரு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. என்னைக் கேட்டுண்டு வந்து நிக்கறார். எனக்கு அழுகை அழுகையா வரது. அவர் எதிர்ல அழமாட்டேன்.”

அன்று ஒத்திகையில் கோபாலை அந்தப் பாடு படுத்தியவர், சம்பந்திகள் கூடியிருந்த சபையில் அசையாமல் உட்கார்ந்திருந்தவர், மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

“காதுல விழுந்துடுத்தும்மா” என்றார்.